மஞ்சள் கோடு மாறிய கைத்துண்டுகள்

போன வாரம் மகள் கைப்பேசியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். யாரோ ஒரு அம்மா சிவப்புப் பச்சைக் கட்டத் துணி ஒரு மீட்டரை மேசைமேல் விரித்துவைத்து, அதில் என்னென்ன தைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலையணை உறை, தோள்பை, துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்து உள்ளே பஞ்சு வைத்த போர்வை. "நீ எக்ஸ்போர்ட்ல இருந்தியேப்பா, இந்த மாதிரி துணி வருமா?" என்றாள். வரும் என்றேன். டீ ஆறிப்போனது.

புதுக் கட்டத் துணிக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கஞ்சியும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சட்டை தைக்கிற கம்பெனியில் இருந்தபோது தினமும் அந்த வாசனையோடுதான் வீட்டுக்குப் போவேன். தையல்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே கால் மணி நேரம் ஆகும். எட்டாவதோடு நின்றவனுக்கு வெட்டு மேசையில் துணி விரிக்கிற வேலை. ஒன்றன்மேல் ஒன்றாக எண்பது அடுக்கு விரித்துத் தந்தால் மாஸ்டர் மெஷின் கத்தியால் ஒரேயடியாக வெட்டுவார். விரித்தவன் அந்த அடுக்கின் கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று விரிக்கிறவன் யேசுபாதம். எனக்கும் அவனுக்கும் நடுவில் எப்போதும் துணி இருந்தது, பேச்சும் இருந்தது.

அதே சிவப்புப் பச்சையில் வந்த ஒரு கட்டத் துணி வம்பு பிடித்தது. பச்சைப் பட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. அதனால் துணிக்குத் தலை, கால் உண்டு. ஒவ்வொரு அடுக்கையும் கடைசியில் வெட்டிவிட்டு, மறுபடி ஆரம்பத்துக்கு வந்து விரிக்க வேண்டும். சாதாத் துணியென்றால் கடைசியில் மடித்து அப்படியே திரும்பி வந்துவிடலாம், பாதி நேரம்தான். கட்டத் துணியில் அப்படிச் செய்தால் ஒன்றுவிட்டு ஒரு அடுக்கு தலைகீழாகிவிடும்.

அப்போது நான் சிறுவாபுரி முருகனுக்கு ஆறு செவ்வாய் வருவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். சொந்த வீடு வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஒரு வாரம் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பாள் என் வீட்டுக்காரி. அன்று ஆறாவது செவ்வாய். சட்டையின் உடம்புப் பகுதி முந்தின நாளே வெட்டியாகிவிட்டது. கைக்கான துணியை விரித்து முடித்தால் மூன்று மணிக்குப் போகலாம் என்றார் மாஸ்டர்.

யேசுபாதம் சாப்பிடப் போன நேரத்தில் நான் தனியாக விரித்தேன். மடித்து மடித்துத்தான் விரித்தேன். கைதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். முடித்ததும் இரண்டு ஓரத்து மடிப்பையும் கத்திரியால் வெட்டிவிட்டேன். அப்புறம் வெளியே தெரியாது.

யேசுபாதம் திரும்பி வந்து அடுக்கைப் பார்த்தான். "அதுக்குள்ள முட்ச்சிட்டியா? நீ இன்னா மன்சனா மெஷினா?"

"முருகன் கூட நின்னாரு."

"அப்ப அவருக்கும் ஓவர்டைம் போடச் சொல்லு. ஊடு குட்த்தாருன்னா எனக்கு ஒரு ரூமு ஒதுக்கு நைனா. போ, கார்டுல நான் கையெழுத்துப் போட்டுக்கறேன்."

போனேன். நெய்விளக்கு ஏற்றினேன். நல்ல தரிசனம்.

மறுநாள் தைக்கிற பெண்கள் கையையும் உடம்பையும் சேர்த்தபோது, பாதிக் கைகளில் மஞ்சள் கோடு பச்சைக்கு மேலே, பாதியில் கீழே. மாஸ்டர் கார்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இத யாரு போட்டது?" யேசுபாதம் என்னை ஒரு தடவை பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன். "நான்தான் சார்" என்றான். சாயங்காலம் அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நான் அடுத்த துணியை விரித்தேன். எதிர்ப்பக்கம் வேறு ஆள்.

பழுதான கைத்துண்டுகளை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று மூட்டையாகக் கட்டிப் போட்டார்கள். அப்புறம் ஊர் முழுக்க அதுதான். டிபன் பை, டிவி உறை, பைக் சீட்டுக்கு உறை, பிள்ளைக்கு ஜட்டி. எங்கள் பக்கத்து ஆரணிக்குப் போகிற பஸ்ஸில் முன் சீட்டு அம்மாவின் மடியில் பையாக இருக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

என் வீட்டுக்காரியும் ஒரு மூட்டை வாங்கி வரச்சொல்லி, பழைய புடவையை உள்ளே வைத்து ஒரு போர்வை தைத்தாள். "இன்னாத்துக்கு இத வேணான்னாங்க? திருப்பி வெச்சா கோடு சேந்துடுதே" என்றாள். கோட்டோடு கோடு அவ்வளவு சரியாகச் சேர்த்திருந்தாள். நல்லா இருக்கு என்றேன்.

வீடும் அமைந்தது. சின்ன வீடு, ஆனால் சொந்தம். புதுமனை புகுவிழாவுக்கு யேசுபாதம் சுவர்க்கடிகாரம் வாங்கிக்கொண்டு வந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். கட்டிலில் விரித்திருந்த அந்தப் போர்வையில்தான் உட்கார்ந்தான். உள்ளங்கையால் தடவிப் பார்த்தான்.

"நம்ம துணிதானே நைனா?"

"ஆமா."

"அண்ணி சோக்கா சேத்துகிறாங்க." அப்புறம் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தெரிந்தேதான் மடித்து விரித்தேன் என்று சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்ததில்லை. இன்னொரு அப்பளம் வைத்தேன்.

வருடங்கள் போயின. கம்பெனியை மூடினார்கள். போர்வை நைந்து, கால்துடைப்பாகி, ஒரு நாள் அதுவும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு, சொல்லியே தீர்வது என்று கிளம்பி, ரயில் கேட்டுக்கு அந்தப்பக்கம் அவன் இருந்த தெருவுக்குப் போனேன். அங்கே பெரிய குடோன் ஒன்று நின்றது. பெட்டிக்கடைக்கார அம்மாவைக் கேட்டேன். "அந்த லைன் ஊடெல்லாம் எப்பவோ இட்ச்சிட்டாங்களே. ஆரு எங்க போனாங்கன்னு ஆருக்குத் தெரியும்?"

அங்கேயே நின்றேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

முருகனிடம் எத்தனையோ செவ்வாய் சொல்லியிருக்கிறேன், அந்த அடுக்கைத் தெரிந்தேதான் அப்படிப் போட்டேன் என்று. அவர் கேட்டுக்கொள்கிறார். யேசுபாதத்திடம் சொல்ல அந்தத் தெரு இல்லை.