சிவராஜ் சித்தப்பா எழுதிய மூன்று வழிகள்

சிவராஜ் சித்தப்பா விடுமுறைக்கு வந்தால் எங்கள் பாகலூரில் அவரிடம் முதலில் கேட்பது, "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்பதுதான். டீக்கடையிலும் கேட்பார்கள், கோயில் வாசலிலும் கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "நான் சோறு அனுப்புறவன்ணா" என்பார்.

அது உண்மைதான். அவர் ராணுவத்தில் மேஜர். ஆனால் பனிமலையில் நிற்கும் வீரர்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கம்பளியும் போய்ச் சேர வைப்பதுதான் அவருடைய பிரிவின் வேலை. லாரிகள் எப்போது கிளம்ப வேண்டும், மண் சரிந்து பாதை மூடினால் என்ன செய்வது என்று யோசித்தே அவருக்கு முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது.

அவர் என் அப்பா நாராயணப்பனின் தம்பி. அப்பா இப்போது குடைமிளகாயும் ரோஜாவும் போடும் அதே நிலத்தில்தான் அவரும் வளர்ந்தார். ஓசூரில் பள்ளி, கிருஷ்ணகிரியில் பொறியியல். கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கு பஸ் ஏறியபோது அவர் அதிகாரிகள் பயிற்சிக்கு ரயில் ஏறினார். திரும்பி வந்து சரிதா சித்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். சித்தி ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான் வேலை. அவர்களுடைய மகள் தர்ஷினி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். சித்தப்பாவின் வேலையில் பெரும்பாலான இடங்களுக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு வருடம்கூடத் தேறாது.

போன வருடம் சித்தப்பா இரண்டு மாத விடுமுறையில் வந்தபோது பெட்டியோடு ஒரு படிப்பையும் கொண்டுவந்தார். பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்ட அதிகாரிகளுக்கான தொலைநிலைப் படிப்பு. பாடங்கள் கணினியில் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாட்டின் பல மூலைகளில் இருக்கும் அதிகாரிகள் திரையில் கூடிப் பேசுவார்கள். பாகலூரில் அது பெரிய பாடு. கர்நாடக எல்லை பக்கத்திலேயே இருப்பதால் போன் ஒரு டவரை விட்டு இன்னொன்றுக்குத் தாவும். ஒரு கர்னல் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் சித்தப்பாவின் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றுவிடும். அதனால் ஓசூரில் சித்தி வாடகைக்கு எடுத்திருக்கும் மாடி வீட்டிலேயே உட்கார்ந்து படித்தார்.

அந்தப் படிப்பு எதைச் சொல்லித்தருகிறது என்று நான் அவரிடமே கேட்டேன். அவர் சொன்னது இது. படையில் முடிவெடுப்பவர் ஒருவர். அவர் முடிவெடுக்கத் தேவையானதைத் தயார் செய்து கொடுப்பவர்கள் ஸ்டாஃப் அதிகாரிகள். நிலைமை என்ன, முன்னால் இருக்கும் வழிகள் என்ன, ஒவ்வொன்றிலும் நல்லது என்ன, ஆபத்து என்ன என்று ஒரே பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். எந்த வழி நல்லது என்று தன் கருத்தையும் சொல்லலாம். ஆனால் தலைவர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அதுதான் ஸ்டாஃப் அதிகாரியின் வழி. "நான் அப்பவே வேற சொன்னேன்" என்று யாரிடமும் சொல்லக் கூடாது. தன் யோசனைக்கு எவ்வளவு உழைப்பாரோ அதே அளவு இதற்கும் உழைக்க வேண்டும்.

"கஷ்டமா இருக்குமே சித்தப்பா?"

"லாரி ஓட்டுறது இதைவிட ஈஸி" என்றார்.

படிப்பில் நல்ல மதிப்பெண் வந்தால் அடுத்த வருடம் மலைமேல் இருக்கும் ஒரு பயிற்சிக் கல்லூரிக்கு அவர் பெயர் போகும். சித்தப்பாவின் கண் அந்தக் கல்லூரியின் மீதே இருந்தது. பதவி உயர்வு ஒரு காரணம். பெரிய காரணம், அங்கே குடும்பத்தோடு தங்க வீடு கொடுப்பார்கள். ஒரு முழு வருடம். தர்ஷினி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் நிற்கலாம் என்று அவர் மனதுக்குள் அந்த வீட்டில் குடியேறிவிட்டார்.

சித்தியின் பக்கத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஏப்ரலிலிருந்து அவரைப் பிரிவின் பொறுப்பாளர் ஆக்கப் போவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அவர் பல வருடமாகக் காத்திருந்த இடம். இப்போது வேலையை விட்டால் அந்த நாற்காலி வேறொருவருக்குப் போய்விடும். ஒரு வருடம் கழித்து வந்து கேட்டால் கிடைக்காது.

இருவரும் இதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசினால் சண்டை வரும் என்று இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் கடைசிப் பாடத்துக்கான பயிற்சி வந்தது. ராணுவத்துக்கு வெளியே, உண்மையாகவே முடிவெடுக்க வேண்டிய ஒருவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் எடுத்த முடிவை நிறைவேற்ற வேண்டும். எப்படி நிறைவேற்றினோம் என்று பிறகு எழுதி அனுப்ப வேண்டும். மற்ற அதிகாரிகள் குடியிருப்போர் சங்கம், பள்ளி முதல்வர் என்று ஆளைத் தேடினார்கள். சித்தப்பா மனைவியைத் தேர்ந்தெடுத்தார். முடிவெடுக்க வேண்டிய கேள்வி, அடுத்த வருடம் குடும்பம் எங்கே இருப்பது.

சித்தி வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா எழுந்து நின்று தாளை நீட்டினார்.

"என்னது மேஜர் சார், மெமோவா?"

"படிச்சுப் பாரு. முடிவு உன்னோடது."

சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தார். மூன்று வழிகள் இருந்தன. முதல் வழி, மூவரும் மலைக்குப் போவது. அதற்கு நல்ல காற்று, நல்ல பள்ளி, குடும்ப ஒற்றுமை என்று நிறைய எழுதியிருந்தார். இரண்டாவது வழி, சித்தியும் தர்ஷினியும் ஓசூரிலேயே இருப்பது. அதற்கு நேராகத் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது, ரிங் ரோடு நெரிசல், சித்திக்கு இரண்டாவது ஷிப்ட் வரும்போது குழந்தை தனியாக இருப்பது. மூன்றாவது, தர்ஷினியை பாகலூரில் எங்கள் வீட்டில் விடுவது. அதைப் படித்தால் எங்கள் வீட்டில் பாம்பு மட்டும்தான் குடியிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும்.

சித்தி தாளை மடித்தார். "எங்க கம்பெனிக்கு ஒரு சப்ளையர் வருவாருங்க. மூணு சாம்பிள் கொண்டு வருவாரு. ரெண்டுல வேணும்னே கீறல் போட்டிருக்கும். அப்பதான் அவரு விக்க நினைக்கிறதை நாங்களே கேட்டு வாங்குவோம்னு."

"நான் ஒண்ணும் பொய் எழுதல."

"பொய் இல்லைங்க. முடிவை நீங்க எடுத்துட்டீங்க. கையெழுத்து மட்டும் என்கிட்ட கேக்குறீங்க."

சித்தப்பாவுக்குக் கோபம் வந்தது. "வருஷம் பூரா நான் எங்கியோ கிடக்குறேன். ஒரு வருஷம் கூட இருங்கன்னு கேட்டா அது தப்பா?"

"அதை எங்க எழுதிருக்கீங்க? காத்து நல்லா இருக்கும்னுல்ல எழுதிருக்கீங்க?"

சித்தி உள்ளே போய்விட்டார். சித்தப்பா தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார் என்று தர்ஷினி பிறகு எங்களிடம் நடித்துக் காட்டினாள்.

அடுத்த வாரம் சித்திக்கு இரண்டாவது ஷிப்ட். மதியம் சித்தி கிளம்பிப் போனபின் என்ன நடக்கிறது என்று சித்தப்பா முதல் முறையாகக் கவனித்துப் பார்த்தார். முந்தைய விடுமுறைகளில் அவர் வந்ததும் சித்தி லீவு போட்டுவிடுவார் அல்லது ஷிப்ட் மாற்றிக்கொள்வார். இந்த முறை மாற்றவில்லை.

பள்ளி வேன் வந்து நின்றது. தர்ஷினி மாடிக்கு வராமல் நேராகக் கீழ்வீட்டுக்குள் போனாள். அது சித்தியைப் போலவே ஷிப்ட் வேலை பார்க்கும் முனிலட்சுமி அக்காவின் வீடு. சித்தப்பா இறங்கிப் போய்ப் பார்த்தபோது அவள் உடை மாற்றி, முனிலட்சுமியின் மகனோடு சேர்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய மாற்றுத் துணிகள் அங்கே ஒரு அலமாரித் தட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

"உக்காருங்க சார், நீங்களும் சாப்பிடுங்க" என்றார் முனிலட்சுமி.

"தினமும் இப்படியா?"

"செகண்ட் ஷிப்ட்னா இப்படித்தான். எனக்கு நைட் ட்யூட்டி வந்தா என் பையன் உங்க மாடிக்கு வந்து படுத்துக்குவான். பாப்பா கைக்குழந்தையா இருக்கும்போதே இதான் ஏற்பாடு. சரிதா உங்ககிட்ட சொல்லலையா?"

சித்தி சொல்லியிருந்தார். போனில் சொன்னதை அவர் "சரி சரி" என்று கேட்டிருந்தார். தான் ஆபத்து என்று எழுதிய இரண்டாவது வழி புதிதாக யோசிக்க வேண்டிய வழியே அல்ல, தான் இல்லாத எல்லா நாட்களிலும் நடந்துகொண்டிருந்த வழி என்பது அவருக்கு அந்த உப்புமாத் தட்டின் முன்னால்தான் உறைத்தது.

அவர் குறிப்பை மறுபடி எழுதினார். இந்த முறை இரண்டாவது வழிக்கும் நல்லதை எழுதினார். சித்தியின் பதவி, தர்ஷினியின் பழகிய பள்ளி, முனிலட்சுமியின் வீடு, மலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பஸ்ஸில் வந்துபோக முடியும் என்பது. மூன்றாவது வழியிலிருந்த பாம்புகளையும் எடுத்துவிட்டார். ஆனால் தன் பரிந்துரையை மாற்றவில்லை. முதல் வழிதான். காரணம் என்ற இடத்தில் காற்றையும் பள்ளியையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினார். "நான் உங்களோடு இருக்க ஆசைப்படுகிறேன்."

சித்தி இந்த முறை உட்கார்ந்து படித்தார். அந்த வரிக்கு வந்ததும் அதை இன்னொரு முறை படித்தார்.

"இதை முதல்லயே எழுதிருக்கலாமேங்க."

"ஆபீசர் அப்படியெல்லாம் எழுத மாட்டான்."

"எனக்கும் ஆசைதான்" என்றார் சித்தி. "ஆனா ரெண்டாவது வழி. நான் இங்க இருக்கேன்."

"சரி" என்றார் சித்தப்பா. அப்புறம் என்ன நினைத்தாரோ, விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். சித்தி சிரிக்க முயன்று அழுதுவிட்டார்.

முடிவை நிறைவேற்றுவதில்தான் உண்மையான பரீட்சை இருந்தது. அது எங்கள் வீட்டில் நடந்தது, நானும் பார்த்தேன். விடுமுறை முடிவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பாகலூருக்கு வந்தார்கள். அம்மா களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு வைத்திருந்தார். காவேரி என்பது என் அம்மா பெயர். எல்லோரும் உட்கார்ந்ததும் அப்பா ஆரம்பித்தார்.

"மலை மேல வூடு குடுக்கறாங்களாமே, எப்ப எல்லாரும் போறீங்க?"

"காலேஜ் கிடைச்சா நான் போறேண்ணா. இவங்க ஓசூர்ல இருப்பாங்க."

அப்பா கையில் எடுத்த களியை அப்படியே வைத்தார். "ஏன்? நீ கூப்பிடலையா?"

சித்தி குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டார். அந்தக் கேள்விக்குச் சித்தப்பாவிடம் ஒரு சுலபமான பதில் இருந்தது. "கூப்பிட்டேன், அவதான் வரல" என்று சொன்னால் போதும். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அப்பா சித்தியைத் திட்டுவார், அம்மா பெருமூச்சு விடுவார், சித்தப்பா பாவம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"நாங்க யோசிச்சு எடுத்த முடிவுண்ணா" என்றார் சித்தப்பா. "அவளுக்கு ஏப்ரல்ல பெரிய பொறுப்பு வருது. பாப்பாவுக்கும் இங்கதான் நல்லது. நான் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்துருவேன். பஸ்ஸெல்லாம் பார்த்து வெச்சிட்டேன்."

"நீயா முடிவு பண்ண? இல்ல சரிதாவா?"

"நாங்க."

"பேடாப்பா, பேடா" என்று, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொல்லி அப்பா தலையாட்டினார். "அத்தனை சோல்ஜரை ஆட்டி வெக்கிறவன், வூட்ல பொண்டாட்டி சொன்னதுக்கு ஆடிக்கினு இருக்கான்."

"அங்கயும் நான் ஆட்டி வெக்கலண்ணா. ஆட்டி வெக்கிறவரு பக்கத்துல ஃபைலோட நிக்கிறவன் நான்."

அம்மாதான் முதலில் சிரித்தார். "உங்க அண்ணன் என் பக்கத்துல வெறுங்கையோட நிக்கிறவரு, நீ ஃபைலோடயாச்சும் நிக்கிறியே" என்றார். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சித்தி சித்தப்பாவைப் பார்க்காமலேயே அவருடைய தட்டில் இன்னொரு களி உருண்டையை வைத்தார். உடல் தகுதித் தேர்வு வருகிறது என்று இரண்டு மாதமாக ஒன்றோடு நிறுத்திக்கொண்டிருந்தவர், அன்று மறுக்காமல் அதையும் சாப்பிட்டார்.

கல்லூரி கிடைத்தது. சித்தப்பா ஒரு இரும்புப் பெட்டியோடு தனியாகத்தான் மலைக்குப் போனார். சித்தி இப்போது பிரிவின் பொறுப்பாளர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவேன் என்றவர் சில முறை வர முடியாமல் போனதும் உண்டு. அந்த வாரங்களில் சித்தியும் தர்ஷினியும் மலைக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். குறிப்பில் இல்லாத வழி அது.