இத்தா அறையில் எழுதிய கட்டுரை

சாய்ந்தமருது றாஹிலா பதினொரு வருடமாகச் செய்தி எழுதுகிறவள். கொழும்புப் பத்திரிகைகள் 'கல்முனை நிருபர்' என்றுதான் போடுமே தவிர, ஒருநாளும் அவள் பெயரைப் போட்டதில்லை. அதைப் பொறுத்துக்கொண்டாள். ஜுனைட் செய்ததைப் பொறுக்கவில்லை. பொறுத்திருந்தால் நான் அவளோடு கதைத்தே இருக்க மாட்டேன்.

வெளிநாட்டு உதவியில் கல்முனையில் ஊடகப் பயிற்சி நடந்தது. ஜுனைட்தான் இணைப்பாளர். கழுத்தில் அட்டை, வாயைத் திறந்தால் ஊடக தர்மம். சிறந்த கட்டுரைக்குப் பரிசு, எழுதியவர் பெயரோடு புத்தகத்திலும் வரும் என்றார்கள். அந்தப் பெயருக்காகவே றாஹிலா ஒலுவிலுக்கு நடையாய் நடந்தாள். அங்கே கடலுக்குப் போன புருஷன் மௌத்தாகி, கடலரிப்பில் வீட்டுச் சுவரும் விழுந்து தனித்துப்போன றுஸ்தாவின் கதையை எழுதி ஜுனைட்டிடம் கொடுத்தாள்.

"இது காணாது தங்கச்சி" என்றான். பிறகு அதையே ஆங்கிலத்தில் மாற்றி, தன் பெயரைப் போட்டுப் பரிசை எடுத்துக்கொண்டான். பாவி!

றாஹிலா அழவில்லை. பரிசளிப்பு விழாவில் ஜுனைட் பெயரில் வென்ற கட்டுரையை ஊராருக்குத் தமிழில் வாசிக்க ஆள் தேடினார்கள். "நான் வாசிக்கிறன்" என்றாள். அடங்கிவிட்டாள் என்று ஜுனைட்டுக்கு வாயெல்லாம் பல். அவளோ றுஸ்தாவிடம் சம்மதம் கேட்டு, றுஸ்தாவின் அண்ணன் ஸைனுலாப்தீன் காக்காவை அழைத்துவந்து முன்வரிசையில் இருத்தினாள்.

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தாள்: "கணவர் இறந்து நாற்பதாம் நாள். றுஸ்தாவின் அறையில், அவளுக்கு எதிரே பாயில் அமர்ந்தேன்."

மண்டபத்தில் தலைகளெல்லாம் ஜுனைட் பக்கம் திரும்பின. புருஷன் மௌத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் ஒதுங்கி இத்தா இருப்பாள். அந்நிய ஆண் அந்த அறை வாசலையும் மிதிக்க முடியாது. இந்த ஊரில் பிறந்த மடையன், திருடும் அவசரத்தில் அந்த வரியையும் சேர்த்தே திருடியிருந்தான்.

ஸைனுலாப்தீன் எழுந்தார். "தம்பி, இத்தா இரிக்கிற என்ட தங்கச்சிர அறைக்குள்ள நீங்க எப்ப வந்த?"

"வல்லாஹி, நான் வரல்ல காக்கா!"

"அப்ப ஆரு வந்த?"

ஜுனைட் றாஹிலாவைப் பார்த்தான். அவள் மைக்கை அவன் வாயருகே நீட்டினாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

"றாஹிலாதான் வந்த. எழுதினதும் அவதான்."

"முழுப் பேரச் சொல்லுங்க" என்றாள் றாஹிலா.

"ஆதம்பாவா றாஹிலா."

பரிசு கொடுக்க வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் தமிழ் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். றாஹிலா மைக்கை எடுக்கவில்லை.

"இப்ப அவங்களுக்கு இங்கிலீசில சொல்லுங்க" என்றாள்.