தலைமாடு எந்தத் திசை?

திருவனந்தபுரத்தின் சாலை பஜாரில், நான் வடிவமைக்கும் உல்லாசப் படகுக்கு மெத்தை வெட்டக் கொடுக்கிறேன். படுக்கை வரும் முன்பகுதி ஒடுங்குவதால் மெத்தையும் கால்பக்கம் ஒடுங்க வேண்டும். வெட்டிவிட்டால் மாற்ற முடியாது. கடைக்கார அண்ணாச்சி ஃபோமின் மேல் கத்தியை வைத்தவர், அப்படியே நிற்கிறார்.

"தலமாடு எந்தத் திசை சாரே? வடக்க தல வச்சுப் படுக்கப்படாது, கேட்டீங்களா."

"நங்கூரம் போட்ட படகு காத்துக்குத் திரும்பிக்கிட்டே இருக்கும் அண்ணாச்சி. அதுக்கு ஏது திசை?"

அவர் கண்களை மூடிக்கொள்கிறார். தெரு இரைச்சல் விலகி, கடையே மெல்லத் திரும்புவதுபோல் எனக்கும் இருக்கிறது.

"அப்பம் தல வடக்க வாறப்போ மட்டும் கொஞ்சம் முழிச்சுக்கிடச் சொல்லுங்க. அது மதி, அது போதும்" என்று கத்தியை இறக்குகிறார்.

அப்படி முழிப்பவர்களுக்காக, படகின் வரைபடத்தில் படுக்கைக்கு மேலே கூரையில், நட்சத்திரம் பார்க்க ஒரு சிறிய கண்ணாடி ஜன்னல் வரைகிறேன்.