அண்ணன் பெயரில் வந்த மின்னஞ்சல்

போன ஐப்பசி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மழை சற்றே விட்டிருந்த ஒரு முற்பகல். அண்ணன் மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டிய நாள். தையில் முகூர்த்தம். எல்லாம் எழுதியாகிவிட்டது, ஒரே ஒரு இடம் தவிர. பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் என்ன போடுவது? திரு என்றா, அமரர் என்றா?

என் அண்ணன் பட்டுப்புடவைக்கு டிசைன் வரைகிறவர். கரையும் முந்தானையும் கம்ப்யூட்டரில் வரைந்து, தறிக்காரர்களுக்கும் கடைகளுக்கும் மின்னஞ்சலில் அனுப்புவார். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் திருப்பதி போய் வருகிறேன் என்று கிளம்பினார். வரவில்லை. சண்டையும் இல்லை, சொல்லும் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். போன் அணைந்தே கிடந்தது. அவருடைய மின்னஞ்சலுக்கு மட்டும் நான் எழுதிக்கொண்டே இருந்தேன். மகள் பாஸானது, வேலைக்குப் போனது, முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் செருப்பு வாங்கி வந்தது. சத்தம் கேட்காத கிணற்றில் கல் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று அண்ணி காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது என் போன் சிணுங்கியது. திரையில் அண்ணன் பெயர்.

உட்கார்ந்திருக்கிறேனா, நிற்கிறேனா என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் இரண்டு வரி. தாமதத்துக்கு மன்னிக்கவும், சாம்பிள் இணைத்திருக்கிறேன், பார்த்து உறுதி செய்யவும். அடியில் ஒரு கோப்பு.

வேறு ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். எங்கள் தெருவில் சாம்பிள் என்றால் புடவை சாம்பிள்தான், வேறு அர்த்தமே கிடையாது. அண்ணி அழுதுகொண்டே சிரித்தார்.

"பொண்ணுக்குக் கல்யாணம்னு எங்கியோ கேள்விப்பட்டுட்டாருபா. முகூர்த்தப் புடவைக்கு டிசைன் போட்டு அனுப்பிச்சிருக்காரு. தொறந்து பாரு தம்பி, இன்னா பார்த்துக்கினு நிக்கிற!"

கோப்பைத் தொட்டேன். திறக்கவில்லை. மறுபடி தொடப்போனேன்.

"சித்தப்பா, கை வைக்காதீங்க!"

அண்ணன் மகள். சாஃப்ட்வேர் வேலை, அன்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் ஏதோ ஒன்று பூத்தது. பிறகு அது உதிர்ந்தது.

"இது அப்பா இல்லம்மா. ஸ்பேம். யாரோ அப்பாவோட பாஸ்வேர்டைத் திருடி, அவர் யார் யாருக்கெல்லாம் மெயில் போட்டாரோ அத்தனை பேருக்கும் ஒரே குப்பையை வீசியிருக்கான்."

மெயிலில், யாருக்கு என்ற இடத்தில் அண்ணனின் முகவரியே இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை.

அண்ணி எட்டிப் பார்த்தார். "தனக்குத்தானே எழுதிக்கினு இருக்காரா?"

"மேல அந்தப் பேரைப் போட்டுட்டு, நம்மளையெல்லாம் பி.சி.சி.ல வச்சுட்டான்மா. அங்க வச்சா எல்லாருக்கும் போய்ச் சேரும். ஆனா கூட யார் யாருக்குப் போச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. பந்தியில உக்கார வச்சு, இலைக்கு இலை நடுவுல திரை கட்டின மாதிரி."

அண்ணி டம்ளரைத் தரையில் வைத்தார். "ஆள் வந்து வாசல்ல நின்ன மாதிரி இருந்துச்சுபா" என்றார். அவ்வளவுதான்.

மதியம் இன்னொன்று வந்தது. அதே வரிகள். இந்த முறை திருடனுக்கு அவசரமோ அலட்சியமோ, யாரையும் மறைக்கவில்லை. முகவரிகள் அத்தனையும் வெட்டவெளியில் வரிசையாக நின்றன. நான், ஜரிகைக் கடை, அண்ணனின் பழைய வியாபாரிகள். எல்லாம் தெரிந்தவை. ஒன்றைத் தவிர. ஆந்திராவில், தர்மாவரத்தில் ஒரு டிசைன் கூடம்.

அண்ணன் மகள் அதன் பெயரை இணையத்தில் தேடினாள். நிமிர்ந்து, திரையை என் பக்கம் திருப்பினாள்.

"சித்தப்பா... இந்த இடம் ஆரம்பிச்சதே அப்பா போனதுக்கு அப்புறம்தான்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அண்ணிக்கு ஆகவில்லை.

"அப்போ போனப்புறமும் அவங்களுக்கு எழுதியிருக்காரு, அந்த மெயிலை அவரு தொறந்துக்கினுதான் இருந்திருக்காரு. நீ எழுதினதெல்லாம் படிச்சிருக்காரு."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அந்த இணையப் பக்கத்திலேயே போன் நம்பரும் இருந்தது. கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். தெலுங்கு கலந்த தமிழில் ஒரு வயதானவர். அண்ணன் பெயரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்தது.

"ஆயனா, அவரா? நல்ல கை அம்மா அவருக்கு. போன வருஷம் மழைக்காலத்துல நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டாரு. நாங்கதான் எல்லாம் செஞ்சோம். நாகெவரூ லேரு, எனக்கு யாரும் இல்லேன்னு சொல்லியிருந்தாரே. நீங்க யாரு?"

"பொண்ணு" என்றாள்.

"பொண்ணா?" என்றார் பெரியவர். பிறகு, "தினம் வேலை முடிஞ்சு கம்ப்யூட்டர்ல லெட்டர் படிச்சிட்டே உக்காந்திருப்பாரும்மா. ஏதோ ஆர்டர்னு நெனச்சோம்" என்றார்.

போனை வைத்தவள் அழவில்லை. கத்தினாள். "என் மொதல் சம்பளத்தைப் பத்திக்கூடப் படிச்சிருக்காரு! ஒரு வார்த்தை எழுதக் கை வரல்லியா?"

"என்னை ஏன்டி கேக்குற? அவரைக் கேளு" என்றார் அண்ணி. பிறகு என்னிடம் திரும்பி, "பிரஸ்ஸுக்குப் போன் போடுபா. அமரர்னே போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் நிற்கவேயில்லை.

கேள்விப்பட்ட தீட்டுக்குத் தலைமுழுகினோம். தையில் கல்யாணமும் நடந்தது. ஏன் போனார், எங்களை ஏன் இல்லை என்றார், யாருக்கும் தெரியாது. பதில் வராத கடிதத்தை யாரும் படிப்பதில்லை என்று அத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். அவர் தினமும் உட்கார்ந்து படித்தார் என்பது எனக்கு ஆறுதலா, அடியா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.