மாடு தின்ற ட்ரோன்

வியாழக்கிழமை காலை ஒரு ட்ரோனை மாட்டுக்குப் போட்டுவிட்டேன்.

சிரிக்காதீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டு மாடியில் பொறியியல் மாணவிகள் சிலர் குடியிருக்கிறார்கள். வாழைநாரையும் புளியங்கொட்டைப் பசையையும் வைத்து ட்ரோனுக்கு உடம்பு செய்கிறார்கள். போன வாரம், மூட்டு விட்டுப்போகிறது என்று யோசனை கேட்டு வந்தாள் நித்யா. கீழ்பென்னாத்தூர் விவசாயி மகள். நான்தான் வேதியியல் பேராசிரியராக இருந்தவன் ஆயிற்றே!

"ஜாயின்ட்ல மட்டும் கடைல விக்கிற ரெசின் பசையைப் போட்டுடும்மா. யாருக்குத் தெரியப்போவுது?"

"வேணாம் சார். நெலத்துல உடைஞ்சி விழுந்தா ஆடு மாடு மேஞ்சிடும்."

"ட்ரோனை மாடு மேயுமா? போம்மா!" — வயிறு குலுங்கச் சிரித்தேன்.

வியாழன், பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலக் கூட்டம் போனபின் எங்கள் தெருவில் அன்னதான இலைகள் குவிந்து கிடக்கும். அள்ளி, வாசல் தொட்டியில் மாட்டுக்குப் போடுவது என் வழக்கம். மூக்குக்கண்ணாடியை உள்ளே வைத்துவிட்டு வந்திருந்தேன்... மதில்மேல் ஏதோ காய்ந்த வாழைப்பட்டை. அதையும் சேர்த்துப் போட்டேன். பால்காரம்மாவின் செவலைப் பசு மிச்சம் வைக்கவில்லை.

"சார், மதில்மேல காய வெச்சிருந்த ட்ரோன் ஃப்ரேம் எங்க?" என்று கேட்டாள் நித்யா.

தொட்டியை எட்டிப் பார்த்தேன்; காலி. ட்ரோனை மறுபடி செய்யலாம். பசுவை? பால்காரம்மாவுக்கு இருப்பது அந்த ஒன்றுதான்.

"என்னா சாமி, எம் மாட்டுக்கு ஏரோப்ளேன போட்டீங்களாமே!" என்று ஓடி வந்தாள் அவள். பின்னாலேயே கால்நடை டாக்டர்.

"ஒயரு, பசை எதனா உள்ள போச்சா?"

"ஒயரு இன்னும் மாட்டல டாக்டர். பசை புளியங்கொட்டதான்" என்றாள் நித்யா.

"ரெசின்...?" என்று இழுத்தேன்.

"போடல சார். நீங்க சொல்லியும் போடல."

"அப்ப அது தீவனம்தான். அசை போடுதான்னு மட்டும் பாருங்க" என்று டாக்டர் கிளம்பினார்.

பசுவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் அது சாவகாசமாகப் படுத்தது. தாடை அசைந்தது. அப்பாடா... அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால்? யாருக்குத் தெரியப்போகிறது என்றேனே — அந்த வாயில்லா ஜீவனின் வயிற்றுக்குத் தெரிந்திருக்கும். நித்யாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க சார். மாடே பாஸ் போட்டுடுச்சி. இதுக்கு மேல என்னா டெஸ்ட்டு?"

புது ஃப்ரேம் இப்போது மொட்டைமாடியில் காய்கிறது. செவலை தினமும் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறது — ட்ரோன் எப்போது இறங்கும் என்று!