ஹிசானோவின் கோடைக் காய்ச்சல்

என் தம்பி கென்சாக்குவின் மனைவி ஹிசானோ எங்களுக்கு அசல் இல்லை. எங்கள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பியின் மகள்தான். தென் ஜப்பானில் யட்சுஷிரோ ஊரில் கோரை பயிரிடும் எங்கள் குடும்பத்துக்கு வந்து இருபத்தாறு வருஷம் சேற்றில் நின்று அறுத்தவள். தலைவலி என்று ஒரு நாள் படுத்தவள் இல்லை.

ஐம்பது வயதில் வந்தது அந்த இருமல். கோடைக்கு முந்தின மழை நின்று வெயில் ஏறியதும் காய்ச்சல், மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நாலு நாளில் பெரிதாய் மருந்தில்லாமலே தெளிந்துவிடுவாள். வீடு திரும்பிய அன்றே பழையபடி ஆகிவிடும். அடுத்த கோடையிலும் இதே கதை. மூன்றாம் கோடையில் நாலு படி ஏற முடியவில்லை. "அடுப்பப் பாத்தாத்தான் அவளுக்கு இருமல் வருது" என்று நாத்தனார் நானே ஊரில் சொன்னேன்.

புதிதாக வந்த டாக்டருக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. "வீட்டுல இருக்குற பூஞ்சைத் தூளு மூச்சுல ஏறுதோ என்னவோ. ஒரு நாள் கூட்டிட்டுப் போய் வையுங்க. ரெண்டு மணிக்கு ஒருதரம் காய்ச்சல் பாருங்க. ஏறுச்சுன்னா வீடுதான் காரணம். அப்புறமும் அங்கயே இருந்தா நுரையீரல் தழும்பேறிடும். பழையபடி ஆகாது."

எங்கள் அப்பா டொமேகிச்சிக்கு அப்போது எண்பத்தொன்று. கொதித்துப்போனார். "என் வீட்டுல பூசணமா? நாலு தலைமுறை இங்கதான் மூச்சு விட்டுச்சு. அந்த டாக்டருக்கு முதல்ல மீசை முளைக்கட்டும்!"

மருமகள் வருகிறாள் என்று தரைப்பாய்களுக்கெல்லாம் புதுக் கோரை தைக்கச் சொன்னார். உள்ளே கனத்த வைக்கோல் அடை, மேலே கோரை; அதுதான் எங்கள் தரைப்பாய். எங்கள் வயல் கோரையால் மேல்பக்கத்தை வருஷம் தவறாமல் மாற்றுவோம். அடையைப் பிரித்துப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஹிசானோ வந்தாள். வீடெல்லாம் பச்சைக் கோரை வாசம். தெர்மாமீட்டர் என் கையில். ஒன்பது மணிக்கு முப்பத்தாறரை டிகிரி, காய்ச்சல் இல்லை. பதினொன்றுக்கும் அதேதான்.

"பாத்தியா? என் கோரை வாசத்துக்கே நோய் ஓடிருச்சு" என்றார் அப்பா.

ஒரு மணிக்கு முப்பத்தேழு. ஹிசானோ தொண்டையைச் செருமினாள். கென்சாக்கு சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு முப்பத்தெட்டரை, நல்ல காய்ச்சல். உதடு நீலம் பாரித்திருந்தது.

"மீட்டரு கோளாறு" என்று அப்பா அதைப் பிடுங்கித் தன் அக்குளில் வைத்துக்கொண்டார். முப்பத்தாறு.

கென்சாக்கு கடப்பாரையோடு, ஈரம் ஊறும் குளியலறைச் சுவரோரப் பாயை நெம்பப் போனான்.

"டேய், நில்லு! தூளு கிளம்புச்சுன்னா செத்துருவாடா! முதல்ல அவள வெளிய கொண்டு போ!" என்று கத்தினேன்.

அவளைத் தூக்கிப்போய் வண்டியில் உட்கார வைத்த பிறகுதான் பாயை எடுத்தோம். அடை கறுத்துப் பிசுபிசுத்துக் கையோடு வந்தது. கீழே பலகை நெடுக வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பஞ்சுபோல் பூத்திருந்தது. அப்பா குனிந்து விரலால் அழுத்தினார். விரல் பலகைக்குள் இறங்கியது.

"இது வரைக்கும்... மேல மட்டும்தான மாத்துனோம்" என்றார்.

வண்டி கிளம்பும் முன் ஹிசானோ கண்ணாடியை இறக்கினாள். "மாமா, இனி இந்த வீட்டுல நான் படுக்க மாட்டேன்." அவள் அவரிடம் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அவரும் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்து, நான் ஊரில் சொன்னதைச் சொல்லி அழுதேன். "தெரியும் அண்ணி. நீங்க மெதுவாவா பேசுவீங்க?" என்றாள்.

கென்சாக்கு ஊருக்குள் ஈரம் ஏறாத மூன்றாம் மாடியில் வாடகை வீடு பிடித்தான். அந்தக் கோடையோடு காய்ச்சல் போயிற்று. படியேறினால் கொஞ்சம் இரைக்கும், அது மட்டும் தங்கிவிட்டது. அப்பா வீட்டை விட்டு வரமாட்டேன் என்றார். பலகையை மாற்றிக்கொண்டு அங்கேயே கிடந்தார். அவர் கண்மூடும்வரை ஆறு வருஷம், ஹிசானோ தினமும் சைக்கிளில் சோறு கொண்டுபோனாள். வேலிக்கு வெளியே நின்று மணியடிப்பாள். அவர் வந்து வாங்கிக்கொள்வார். உள்ளே வா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.