முன்வாசல் கொடியில் கறுப்புப் பட்டை

எதிர்வீட்டு ஊ தவுங் பேக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். பெண்கள் இடுப்பில் உடுத்தும் தமெய்ன் காய்கிற கொடிக்குக் கீழே தப்பித் தவறித் தலை போய்விட்டால், ஆண் பிறவிக்கென்று வந்த மகிமை மொத்தமும் போய்விடும். பர்மாவில், எங்கள் மோல்மேனில் இந்தப் பயம் இல்லாத ஆம்பளை கிடையாது. ஆனால் இவர் அதை ஓர் உத்தியோகமாகவே பார்த்தார். ஆண்கள் துணிக்கு முன்வாசலில் உயரமான கொடி. மனைவியின் துணிக்குக் கிணற்றுக்குப் பின்னால், நாய்கூட எட்டிப் பார்க்காத மூலையில், முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு. அந்த அம்மாள் காலமானதும் அந்தக் கயிற்றையும் அவிழ்த்துவிட்டார். மகிமைக்கு இனி ஆபத்தே இல்லையென்று ஒரு சுற்றுப் பெருத்தும் போனார்.

என் பெயர் மரகதம். தெருவுக்கு டோ மியா, அவர்கள் பாஷையில் அதுவும் மரகதம்தான். தையற்கடை வைத்திருக்கிறேன். தைத்து முடித்த தமெய்ன்களை வாசலுக்கு நேர் மேலே வரிசையாகத் தொங்கவிடுவேன். அதனால் ஊ தவுங் பே என் கடைக்குள் கால் வைத்ததே இல்லை. சட்டை தைக்க வேண்டுமென்றால் நடுத்தெருவில் நின்று தன் கழுத்தளவை ஊருக்கே கேட்கும்படி கத்துவார்.

அவருடைய ஒரே பிள்ளை கோ ஸேயா. அரசுப் பள்ளியில் வாத்தியார். அங்கே வாத்தியாருக்கும் டீச்சருக்கும் ஒரே சீருடை. மேலே வெள்ளை, கீழே பச்சை. ஆண்கள் பச்சைத் துணியை முன்னால் முடிச்சுப் போட்டால் அது பஸோ, பெண்கள் பக்கவாட்டில் செருகினால் அது தமெய்ன். ஒரு நல்ல காரியத்தை அரசாங்கம் தன்னையறியாமல் செய்தது என்றால் அது இதுதான்.

வேலை கிடைத்த புதிதில் ஸேயா பச்சைத் துணியோடு கடைக்கு வந்தான். பெண்கள் ரகம், வழவழவென்று.

"அக்கா, இடுப்புல கறுப்புப் பட்டை வச்சுத் தைங்க."

"அது தமெய்னுக்குத்தான தம்பி வைப்பாங்க?"

"தெரியும்கா."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தையல் மெஷினைப் பார்த்தான்.

"தம்பின்னே கூப்பிடவா, இல்ல..."

"இப்போதைக்குத் தம்பியே இருக்கட்டும்கா."

அன்றிலிருந்து அவன் உடுத்தியதெல்லாம் தமெய்ன்தான். முன்னால் சின்னதாக ஒரு முடிச்சு, பட்டையை மறைத்துச் சட்டை. அந்தச் சட்டையிலும் இடுப்பருகே கண்ணுக்குத் தெரியாத ஒரு பிடிப்பு வைத்துக் கொடுத்தேன். கன்னத்துச் சந்தனப்பூச்சு மற்ற ஆண்களுடையதைவிட ஒரு விரல் அகலம் கூடுதல். செருப்பு வார் ஒரு நூல் மெல்லிசு. கழுகுக் கண் படைத்த எங்கள் தெரு இதையெல்லாம் பார்த்துவிட்டு என்ன சொன்னது? வெற்றிலை போடாத, சுத்தமான பையன் என்றது. பெண் வைத்திருந்தவர்களெல்லாம் ஜாதகம் அனுப்பினார்கள்.

ஆனால் ஸேயா நிம்மதியாக இருந்தான் என்று நினைக்க வேண்டாம். வருடா வருடம் நாட் என்கிற காவல் ஆவிகளுக்கு எடுக்கும் திருவிழாவில், பூ வைத்து உதட்டுச்சாயம் பூசி, ஆவிக்கு மனைவியாக ஆடும் ஆண்களின் காலில் ஊ தவுங் பே விழுந்து கும்பிடுவார். வீட்டுக்கு வந்ததும், "நம்ம வீட்ல இப்படி ஒண்ணு பொறந்திருந்தா அன்னைக்கே வெளிய தள்ளிக் கதவச் சாத்தியிருப்பேன்" என்பார். ஆவி இறங்கினால் பூ வைக்கலாம், ஆசைப்பட்டு வைத்தால் வீடு கிடையாது. அப்பாவை விட்டால் ஸேயாவுக்கு வேறு யாருமில்லை. அப்பாவுக்குச் சோறு வடித்துப் போடவும் அவனை விட்டால் ஆளில்லை.

துணியைத் தானே துவைப்பான். ஆண்பிள்ளையின் துணி முன்வாசல் கொடியில்தானே காய வேண்டும்? பட்டையை உள்ளே மடித்துக் கவ்வி போட்டு வைப்பான். அதற்கு அடியில் ஊ தவுங் பே காலையும் மாலையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் வருவார். அந்த வருடங்களில்தான் அவருக்குப் பதவி உயர்வு வந்தது, முட்டிவலி போனது, வட்டாரமே அவரிடம் பஞ்சாயத்துக்கு வந்தது. சிரிப்பை அடக்க நான் மெஷினை வேகமாக மிதிப்பேன்.

பிறகு ஒருநாள் காலை ஆற்றுக்காற்று கிளம்பியது. பகோடாத் திருவிழாக் கமிட்டிக்கு ஊ தவுங் பேயைத் தலைவராக அழைக்க ஊ நியோ வந்திருந்தார். இருவரும் கமிட்டி ஆட்களைப் பார்க்கக் கிளம்பிப் படியிறங்கும்போது கவ்வி தெறித்தது. துணி விரிந்து, கறுப்புப் பட்டை வாசலுக்கு நடுவே பதாகைபோல ஆடியது. ஊ நியோ தலையில் கை வைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

"என்னங்க இது, தமெய்ன் மாதிரில்ல இருக்கு!"

ஊ தவுங் பே பட்டையைப் பார்த்தார். கதவோரம் குடையோடு நின்ற மகனைப் பார்த்தார். ஸேயாவின் முகத்தில் சந்தனம் மட்டும்தான் மிச்சம். அத்தனை வருடம் குடும்பம் நடத்தியவருக்குத் தமெய்ன் தெரியாதா? தெரிந்துவிட்டது. கதவைச் சாத்தப்போகிறார் என்றே நினைத்தேன்.

"பையனோட பஸோ கிழிஞ்சு போச்சு. எதிர்வீட்டம்மா ஒட்டுப் போட்டுச்சு," என்றார். பிறகு தெருவுக்குக் குறுக்கே என்னைப் பார்த்து, "என்ன டோ மியா, அப்படித்தான?"

"ஆமாங்க. கறுப்புத் துணிதான் கைவசம் இருந்துச்சு."

"கேட்டுக்கிட்டீங்களா? ஒட்டு!" என்று ஊ நியோவிடம் சொல்லிவிட்டு, கொடிக்கு அடியில் நேராக நடந்தார். பட்டை அவர் உச்சந்தலையைத் தடவியது. ஊ நியோ மட்டும் வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

எவ்வளவு பெரிய நடிகர் என்று வியந்தேன். சுற்றிப் போனால் இத்தனை வருட மகிமையும் அம்பேல் என்று தெருவே கைகொட்டிச் சிரிக்கும். தலைவர் பதவியும் போகும். தன்னைக் காப்பாற்றிக்கொண்டார், அவ்வளவுதான் என்று எண்ணினேன்.

சாயங்காலம் கடைவாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் ஊ தவுங் பே. வெளியே அல்ல, உள்ளே. தலைக்கு நேர் மேலே டீச்சர்களின் தமெய்ன்கள் வரிசையாகத் தொங்கின. அவர் குனியவுமில்லை, மேலே பார்க்கவுமில்லை. கத்தியே பழகிய மனிதர், அக்கம்பக்கம் கேட்காத குரலில் பேசினார்.

"இனிமே பட்டையப் பச்சைத் துணியிலயே வச்சுத் தை, டோ மியா. கறுப்பு எட்டத் தெரியுது. ஊர்க்காரன் நல்லவனில்ல."